தீக்காய வார்டில் கொய்யாச் சாறு

ஜூன் 4, செவ்வாய்

விடியுமுன்பே மழை. இடவப்பாதிப் பருவமழை இந்த வருஷம் தாமதிக்கவில்லை. பாறசாலை ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் சேலை முழங்கால்வரை ஈரம். பாசஞ்சர் வண்டி வழக்கம்போல் தாமதம். ஆனால் திருவனந்தபுரம் வரை சன்னலோர இடம். போதும்.

தீக்காய வார்டில் புது ஆள். ராஜமணி, நாற்பதை ஒட்டிய வயது. பனச்சமூட்டில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பொரித்து விற்கும் கடை. நேற்றுச் சாயங்காலம் அடுப்பின் கால் ஒன்று வழுக்கி, எண்ணெய்ச் சட்டி அவர்மேல் சரிந்திருக்கிறது. தீயும் பிடித்துவிட்டது. இரண்டு கை, மார்பு, வலது தொடை. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு. முகம் தப்பியது. ஈரச் சாக்கைப் போர்த்தித் தீயை அணைத்தது அவர் மனைவி தங்கம். அந்த அம்மாவின் உள்ளங்கையிலும் கொப்புளம். முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு என் காரியம். ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கச் சம்மதம் கேட்க வேண்டும். எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். உடம்பு வெந்தால், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனே சில சமயம் எதிரியாகி, வேகாத இடங்களையும் கெடுக்கும். வைட்டமின் சி, ஈ அதைத் தடுக்குமா என்று பார்க்கிறோம். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. பாதிப் பேருக்கு அதோடு வைட்டமினும். யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம்.

தங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எங்கே ஒப்பு போட வேண்டும் டாக்டரே என்று மலையாளத்தில் கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

சீட்டில் வந்தது: வழக்கமான சிகிச்சை மட்டும்.

வீடு திரும்ப மணி ஏழு. என் வீட்டுக்காரர் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறியும் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் திறந்த வாரம். கணக்கு வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சைகையிலேயே பரிமாறினார். நன்றாக இருந்தது, இரண்டும்.

ஜூன் 6, வியாழன்

மழை விட்டுவிட்டு. துணி காயவில்லை.

ராஜமணி (இனி ரா.) தெளிவாகப் பேசினார். மனைவியிடம் முதல் கேள்வி: "கடைய அடச்சியா?" பக்கத்துத் தையல்கடைக்காரர் அடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டாராம். அதைக் கேட்ட பிறகே கண்ணை மூடினார்.

வராந்தாவில் யாரோ யாரிடமோ: "கஞ்சி வந்தா எழுப்பு. டாக்டர் வந்தா எழுப்பண்டாம்."

தங்கம் என்னைப் பிடித்து நிறுத்தினார். எதற்காக ரத்தம், அதில் என்ன தெரியும் என்று கேட்டார். முதலில், நான் டாக்டர் இல்லை, பயோகெமிஸ்ட்ரியில் ஆராய்ச்சி செய்கிறவள், பெயர் ஜெஸி, வீடு பாறசாலை என்றேன். பாறசாலை என்றதும் முகம் மாறியது. மலையாளத்தை விட்டுவிட்டு எங்கள் ஊர்த் தமிழில் இறங்கினார். நானும் இறங்கினேன்.

"அக்கா, பொரிச்ச எண்ணெயத் திரும்பத் திரும்பக் காய்ச்சினா கெட்டுக் காறிப்போகும் இல்லியா? நம்ம ஒடம்பிலயும் கொழுப்பு உண்டு. தீப்பட்டா அதும் அதுபோலக் காறும். எவ்வளவு காறியிருக்குன்னாக்கும் நான் பாக்குதது."

அவர் கட்டிலைப் பார்த்தார். "காறுன எண்ணெயின்னா கொட்டிட்டு வேற ஊத்தலாம்" என்றார்.

மதியம் லாபில் கரண்ட் போகவில்லை. ஆச்சரியம். ரத்தத்தின் தெளிந்த நீரில் மருந்து சேர்த்து, குழாயைக் கொதிநீரில் வைத்து எடுத்தால் இளஞ்சிவப்பு வரும். நிறம் அடர்த்தி என்றால் சேதம் அதிகம். ரா.வின் குழாய் நல்ல சிவப்பு. எதிர்பார்த்ததுதான். முதல் நாட்களில் எல்லோருக்கும் அப்படித்தான்.

ஜூன் 12, புதன்

வெயில்! எல்லாத் துணியும் வெளியே போட்டுவிட்டு ஓடினேன்.

ரா.வுக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சல். புண்ணில் கிருமி. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். பேச்சு குழறல். கடையைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு பயம்.

இன்றைய சிவப்பு, இந்த ஆராய்ச்சி தொடங்கிய பிறகு நான் பார்த்ததிலேயே அடர்த்தி. பக்கத்துக் கட்டில் காஞ்சிரங்குளத்துக்காரருக்கு வைட்டமின் சீட்டு. அவர் குழாய் வெளிறிவிட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கக் கூடாது. அவருக்குக் காயமே குறைவு. கிருமியும் இல்லை. இரண்டு பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாம் தெரியும். இருந்தாலும் கண் அங்கேயே போனது.

சாயங்காலம் தங்கம் கேட்டுவிட்டார்.

"அந்தக் கட்டில்காரருக்கு ஒரு ஊசியும் ரெண்டு குளிகையும் கூடுதல் உண்டே. எங்களுக்கு ஏன் இல்ல?"

சீட்டு விஷயத்தைத் திரும்பவும் சொன்னேன். இந்த முறை தலையாட்டவில்லை. என் வாயையே பார்த்துக் கேட்டார்.

"அப்போ அது நல்ல மருந்தா, இல்லியா?"

"தெரியாதுக்கா. தெரிஞ்சா எல்லாருக்கும் குடுத்திருவோம்."

"தெரியாதுன்னா எனக்க மாப்பிளைக்கும் தந்து பாக்கலாமே."

குரலை உயர்த்தவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாலாம் தேதி நான் சொன்னதில் பொய் இல்லை. ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் கை கொப்புளித்து, புருஷன் என்ன ஆவானோ என்று நின்றவருக்கு அது காதில் விழுந்ததா? விழவில்லை. அவர் ஒப்பு போட்டார், அவ்வளவுதான்.

ஜூன் 13, வியாழன்

என் கைடு சரோஜம் டீச்சரிடம் பேசினேன். ரா.வை மற்ற குழுவுக்கு மாற்றலாமா? டீச்சர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். வார்டு டாக்டர்கள் அவருக்கு எதையும் குறைக்கவில்லை என்றார். நல்லது என்று நினைப்பது வேறு, தெரிவது வேறு. நாம் பரிதாபப்படும் ஆட்களுக்கெல்லாம் கொடுத்தால் கடைசியில் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். எனக்கும் அது சரியென்றே பட்டது. சரியென்று பட்டது ஆறுதலாக இல்லை.

பிறகு என்னோடு வார்டுக்கே வந்தார். பெரிய டாக்டரைப் பிடித்து, இவருக்கு வைட்டமின் அவசியம் என்று நீங்கள் நினைத்தால் எங்கள் சீட்டைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னார். டாக்டர் சொன்னது, இப்போதைக்குக் காய்ச்சலுக்கான மருந்தும் நல்ல சாப்பாடும்தான் அவசியம். முட்டை, பால், பழம், உள்ளே எவ்வளவு போகுமோ அவ்வளவு.

வாங்க வேண்டியவை: உப்பு, பார் சோப்பு, வீட்டில் இவருக்குச் சிவப்பு மை. குடைக்கம்பி சரிசெய்ய வேண்டும்.

ஜூன் 15, சனி

தூறல். வண்டியில் கூட்டமில்லை.

வார்டில் என்றும் ஒரே வாசனை. டெட்டால், களிம்பு, வெந்த புண். இன்று உள்ளே நுழைந்ததும் வேறொன்று. பழுத்த கொய்யா. நேராக ரா.வின் கட்டிலுக்குக் கொண்டுபோய் விட்டது. கட்டிலுக்கு அடியில் துவர்த்துத் துண்டால் மூடிய ஒரு பிளாஸ்க். தங்கம் பார்வையைத் தாழ்த்தினார்.

மூன்று நாளாகவே நடக்கிறதாம். தங்கம், பக்கத்துக் கட்டில்காரரின் குளிகை மாத்திரையின் காலி உறையை எடுத்து வெளியே மருந்துக்கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் இது வைட்டமின் சி, கொய்யாவிலும் நாரங்கா என்கிற எலுமிச்சையிலும் நிறைய உண்டு என்று சொல்லியிருக்கிறார். பனச்சமூட்டிலிருந்து பஸ்ஸில் வரும் தங்கத்தின் தம்பி தினமும் ஒரு பை கொய்யா கொண்டுவருகிறான். தங்கம் பிசைந்து, விதை நீக்கி, வடிகட்டி, சாறாக்கி, முழித்திருக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறார்.

அந்தக் குளிகையையே வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன்.

"டாக்டர் சொல்லாம மருந்து குடுக்கப்பிடாது பிள்ளே. இது பேரக்கா. மரத்தில காய்க்கியது. மருந்தில்லியே."

பேரக்கா, எங்கள் ஊர்ப் பேச்சில் கொய்யா. நர்ஸைக் கூட்டிவந்து காட்டினேன். ஓ, நல்லதுதானே, விதை மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார். பழம் கொடுக்கச் சொன்னதே டாக்டர்தான். இதில் குற்றம் யாருடையதும் இல்லை.

"ஒளிக்கண்டாம் அக்கா. மேல வெச்சே குடுங்க."

ரா. கண்ணைத் திறந்து, "சீனி போதாது" என்றார். காய்ச்சல் இன்று கொஞ்சம் குறைவு.

திரும்பும் வண்டியில்தான் உறைத்தது. வைட்டமின் இல்லாத குழுவில் இருப்பவர் நாள்தோறும் பிளாஸ்க் பிளாஸ்காகக் கொய்யாச் சாறு குடிக்கிறார். அவர் கணக்கு இனி எந்தப் பக்கமும் சேராது. எடுத்த ரத்தமெல்லாம் வீண். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. நெய்யாற்றின்கரை தாண்டும்வரை அதைப் பற்றியே யோசித்தேன். யோசித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

சபைக்குப் போனோம். பிரசங்கம் மனதில் நிற்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. அடுத்த வீட்டிலிருந்து வருக்கைச் சக்கை, பாதிப் பலாப்பழம். கையெல்லாம் பிசின்.

சக்கை பிய்த்துக்கொண்டே இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சுளையைத் தின்றார். பிறகு, "ஒரு ஆள் கொறஞ்சா கணக்கு தப்பாது ஜெஸி. கள்ளம் ஒண்ணு சேந்தா தப்பும்." அப்புறம் கொட்டையை வறுக்கலாமா, குழம்பில் போடலாமா என்று கேட்டார்.

வறுத்தோம்.

ஜூன் 17, திங்கள்

பலத்த மழை. இரண்டு ரயில் பெட்டிகளில் ஒழுகல்.

சரோஜம் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொய்யா, பிளாஸ்க், மூன்று நாள். டீச்சர் பேனாவை மூடினார். மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் திட்டு விழுந்தது, மலையாளத்தில், நிறுத்தாமல். ரத்தத்தைப் பார்க்கத் தெரிகிறது, வாயில் என்ன போகிறது என்று பார்க்கத் தெரியவில்லையா?

உடனே வார்டுக்குப் போய்க் கட்டில் கட்டிலாகக் கேட்டேன். அமரவிளைப் பாட்டனாருக்கு தினமும் நாரங்கா வெள்ளம், எலுமிச்சைச் சாறு. இன்னொருவர் பழமே தொடுவதில்லை. சரி. இனி எல்லோருடைய சாப்பாட்டையும் எழுத வேண்டும். சாறு குடிக்கும் இரண்டு பேரை நீக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாகப் புதிய ஆட்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். தீக்காயத்தோடு யாராவது வர வேண்டும் என்று காத்திருப்பது எப்படிப்பட்ட வேலை.

திரும்பிப் போய்ச் சொன்னபோது டீச்சர் தணிந்திருந்தார். ராஜமணியின் தாளை என்னிடமிருந்து வாங்கி, குறுக்கே கோடு போட்டார்.

"போட்டே ஜெஸி. அயாள் ஜீவிக்கட்டே."

போகட்டும், அவர் பிழைக்கட்டும். சாயா வரவழைத்துக் கொடுத்தார். எனக்கு ஏனோ பசி வந்துவிட்டது. காண்டீனில் இரண்டு வடை.

ஜூன் 18, செவ்வாய்

தங்கத்திடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். மகிழ்ச்சியான செய்தி என்ற எண்ணம் எனக்கு. இனி ஆராய்ச்சிக்கு உங்கள் வீட்டுக்காரரின் ரத்தம் வேண்டாம், ஊசி குத்த மாட்டேன், சாறு தாராளமாகக் கொடுக்கலாம்.

அவர் முகம் வாடிவிட்டது.

"அப்போ இனி நீ வரமாட்டியா?"

அவர் என்னை 'நீ' என்றது இன்றுதான் முதல் தடவை. டாக்டர்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிறார்கள், நர்ஸுகளுக்கு நிற்க நேரமில்லை, நின்று நாலு வார்த்தை பேசுகிற ஒரே ஆள் நான்தானாம். ஊசிக்காக ஆனாலும் வருவேனாம். "பேரக்கா குடுத்தது தப்புன்னா நிறுத்திப்போடுதேன் மக்கா. எங்கள விட்டுராத."

நான் அங்கே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். உட்காரக் கூடாது என்பது விதி.

"ஊசி இல்லாம வாறேன் அக்கா. தெனமும் வாறேன்."

ரா. மெல்லிய குரலில்: "அது கொள்ளாம்." அது நல்லது என்கிறார்.

ஜூன் 27, வியாழன்

காய்ச்சல் போய் ஒரு வாரம். இன்று தோல் ஒட்டும் ஆபரேஷன். நன்றாக இருக்கும் இடது தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி, கையிலும் மார்பிலும் ஒட்டுகிறார்கள். காலையில் ரா. அரை மயக்கத்தில் டாக்டரிடம், சீவும்போது ஒரே கனத்தில் சீவ வேண்டும், இல்லையென்றால் ஒன்று வேகும் ஒன்று கருகும் என்று சொன்னாராம். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்களாம்.

தங்கத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தேன், மதியம்வரை. அவர் கையின் கொப்புளம் ஆறி, தோல் புதிதாக ரோஸ் நிறத்தில். இடையில் ஒரு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

லாபில் இன்று ஒரு வேலையும் நடக்கவில்லை. பரவாயில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஒட்டிய தோல் பிடித்துவிட்டது! முழங்கை பக்கம் ஒரு சின்ன இடம் மட்டும் விட்டிருக்கிறது. அது தானே ஆறும் என்கிறார் டாக்டர். தங்கம் வார்டிலிருந்த எல்லோருக்கும், காஞ்சிரங்குளத்துக்காரரின் வீட்டாருக்கும், கொய்யா வெட்டிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி.

கொய்யாவால்தான் என்று அவர் உறுதியாக நம்புகிறார். இருக்கலாம். காய்ச்சல் மருந்தாலும் இருக்கலாம். முட்டையாலும், டாக்டரின் கையாலும், தங்கம் பக்கத்தைவிட்டு நகராததாலும் இருக்கலாம். என்னிடம் கேட்டார். தெரியாது என்றுதான் சொன்னேன். "ஒனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது, அப்படிச் சொல்லிக் கேட்க.

பாறசாலை இறங்கியபோது நல்ல வெயில். இவர் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார், கம்பி சரிசெய்த குடையோடு. மீன் சந்தை வழியாக நடை.

ஜூலை 27, சனி

ரா.வை வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பி ஜீப் கொண்டுவந்திருந்தான். இறுக்கமான துணி உறை போட்ட இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, யாரையோ தூக்கப் போகிறவர்போல நடந்தார். விரல்கள் முழுக்க மடங்கவில்லை. தினமும் பயிற்சி செய்ய வேண்டும். ஓணத்துக்குக் கடை திறந்துவிடலாம் என்கிறார். வருஷத்தில் பாதி வியாபாரம் அந்த ஒரு வாரத்தில்தானாம். தங்கம் பையை ஜீப்பில் ஏற்றினார்.

போன பிறகு அந்தக் கட்டிலில் இன்னொருவர். சம்மதம் கேட்கப் போனேன். அவருடைய அண்ணன் கூட இருந்தார். இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் அண்ணன் சாயா குடித்து வரட்டும் என்று விட்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லி, சொன்னதை அவரைத் திரும்பச் சொல்லவைத்தேன். இரண்டாம் தடவை சரியாகச் சொன்னார். நிறைய நேரம் ஆயிற்று. ஒப்பும் போட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சபை முடிந்து, பஸ் பிடித்து நானும் இவரும் பனச்சமூட்டுக்கு. வெள்ளறடைப் பாதை முழுக்க ரப்பர் மரம், நிழல், குழி. இவருக்குத் தலைசுற்றல்.

கடை பூட்டித்தான் கிடக்கிறது. வீடு பின்னால். ரா. முற்றத்தில் ஏத்தங்காய்த் தொலி உரித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். விரல் மடங்குகிறது, மெதுவாக. அரிப்பு தாங்க முடியவில்லை, அதைத் தவிர சுகம் என்றார். தங்கம் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனார். ஓணத்துக்குக் கடை திறக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம், தன்னால் அந்த அடுப்புப் பக்கம் போகவே முடியவில்லை, நீ சொன்னால் கேட்பார், வேண்டாம் என்று சொல் என்றார்.

நான் வேறொன்று கேட்டேன். கடை இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்?

வெகுநேரம் தேங்காய் திருகினார். "அதும் சரிதான்" என்றார் கடைசியில்.

சாப்பாடு பலம். அயிலை மீன் கறி, பயறு, பப்படம். வரும்போது ஒரு பை கொய்யா. பஸ் முழுக்க வாசனை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அரை நாள் லீவு. டீச்சர் கேள்வி கேட்காமல் கொடுத்தார். தனக்கும் ரா.வின் கடையில் ஒரு கிலோ சிப்ஸ் வாங்கி வரச் சொன்னார்.

பனச்சமூட்டில் ஓணக் கூட்டம். சாலையோரமெல்லாம் வாழைக்குலை. கடைக்குப் புது அடுப்பு, தரையோடு சிமெண்டு வைத்துக் கட்டியது. அசையாது. தம்பி பொரிக்கட்டும், ரா. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும் என்று ஏற்பாடு. ஆனால் எண்ணெய் காயத் தொடங்கியதும் ரா. எழுந்து வந்துவிட்டார். தம்பி தள்ளி நின்றான். காய் சீவும் பலகையைச் சட்டிக்கு மேலே பிடித்து, தானே சீவிப் போட்டார். முதல் சீவல் விழுந்து சடசடத்தபோது அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. நிறுத்தவில்லை.

தங்கம் என் கையைப் பிடித்திருந்தார். வலிக்கும் அளவுக்கு.

சீவல் மஞ்சளாகி வரும்போது உப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் பொங்கிச் சீறும். கிண்ணம் தங்கத்தின் பக்கத்தில். ரா. பின்னால் கை நீட்டினார்.

"தங்கம், உப்புத் தண்ணி."

"நான் ஊத்துதேன். நீங்க மாறி நில்லுங்க."

கை நீட்டியபடியே நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. தங்கம் என் கையை விட்டார். கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் விரல் நன்றாக மடங்கிப் பிடிக்கும்வரை தன் கையை எடுக்கவில்லை.

ஊற்றினார். பொங்கியது, சீறியது, அடங்கியது.

முதல் ஈடு வாங்க ஆள் வரிசையில் நின்றது. எனக்குச் சூடாக ஒரு பொதி, டீச்சருக்கு ஒரு பொதி. காசு வாங்கவில்லை, சண்டை போட்டும். பாறசாலை பஸ் வந்துவிட்டது. வாய் வெந்தது, பொறுக்காமல் தின்றதில்.